முதுமையில் தாளாண்மை

தமிழில் ‘தாள்’ என்னும் சொல்லுக்குக் கால் என்பதும் பொருள். முயற்சி என்பதும் பொருள். காலின் வலிமையும் உள்ளத்தின் முயற்சியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன என்று கருதியே முன்னோர் இவ்விரண்டையும் ஒரு சொல்லால் வழங்கினர் போலும் என எண்ணி யான் மகிழ்வதுண்டு. சொல்லாராய்ச்சி வல்லார் இதற்கு உடன்படாமற் போகலாம். ஆயினும், அறுபது வயதைக் கடந்து, படியேறும்போது கைப்பிடியைத் தேடத் தொடங்கிய எனக்கு இக்கருத்து நாள்தோறும் மெய்யாகவே தோன்றுகின்றது.

சங்கச் சான்றோருள் தொடித்தலை விழுத்தண்டினார் என்பார் ஒருவர். பூண் கட்டிய பெருந்தடியைத் தம் பாட்டில் குறித்தமையால் அத்தடியே அவர்க்குப் பெயராயிற்று. பெற்றோர் இட்ட பெயர் மறைந்துபோயிற்று. இளமையில் ஆழ்ந்த மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டியவன், முதுமையில் தடியூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் நிலையை எய்தினானே என்று இரங்கும் அப்பாட்டுப் புறநானூற்றில் உள்ளது. அப்புலவர் இன்று நம்மிடையே இருப்பாராயின், இரங்குதற்கு அப்பால் செய்தற்குரியனவும் சில உள என்று நாம் அவரிடம் பணிவுடன் கூறலாம். அவை யாவை என்பதே ஈண்டு நாம் காணப்போகும் செய்தி.

மாணவர்களே! முதியவர் ஒருவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது என்று கொள்வோம். அறுவை மருத்துவர் முறிந்த எலும்பைப் பொருத்துகிறார். மருந்து வலியைத் தணிக்கின்றது. ஊடுகதிர்ப் படத்தில் எலும்பு கூடியது தெரிகின்றது. மருத்துவம் முடிந்ததா? அவர் கட்டிலினின்று தாமே எழ வேண்டும். குளியலறைக்குச் செல்ல வேண்டும். வேட்டியைத் தாமே உடுத்த வேண்டும். எலும்பு கூடிய பின்பும் இவற்றைச் செய்ய இயலாதவர் நோய் நீங்கியவரேயன்றி நலம் பெற்றவர் ஆகார். நோய் நீங்குதற்கும் நலம் பெறுதற்கும் இடையே உள்ள இத்தொலைவைக் கடத்துவிப்பவர் வேறு சிலர். உடற்பயிற்சியாலும் பிற முறைகளாலும் இயக்கத்தை மீட்பவர் இயன்முறை மருத்துவர். உண்ணல், உடுத்தல், குளித்தல் முதலிய அன்றாடச் செயல்களை மீண்டும் பழக்குபவர் செயல்முறை மருத்துவர். பேச்சையும் விழுங்குதலையும் சீர்செய்பவர், செவித்திறனை ஆய்பவர், பாதங்களைப் பேணுபவர் எனப் பிறரும் உளர்.

இவர்தம் அருமையை யான் அறிந்தது நூல்வழி அன்று. இருபது ஆண்டுகட்கு முன் என் தாயார் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். அப்போது அவர்க்கு வயது எழுபத்தெட்டு. அறுவை முடிந்த மறுநாளே இளைஞர் ஒருவர் வந்து, “அம்மா, எழுந்து நில்லுங்கள்” என்றார். தாயார் வலியால் கண்ணீர் விட்டார். யான் சினந்து, “இரக்கம் என்பது உமக்கு இல்லையா?” என்று கேட்டேன். வீட்டிற்கு அழைத்து வந்தபின் நாங்கள் அவரைத் தரையில் கால் வைக்கவும் விடவில்லை. உணவு கட்டிலுக்கு வந்தது. நீர் கட்டிலுக்கு வந்தது. மருமகளிர் இருவர் மாறி மாறிக் காத்தனர். ஊரார் எங்களைப் புகழ்ந்தனர். மூன்று திங்கள் சென்றபின் அவரை நிற்க வைத்தோம். கால்கள் அவரைத் தாங்கவில்லை. எஞ்சிய நான்கு ஆண்டுகளும் அவர் அக்கட்டிலிலேயே கழித்தார். முறிந்த எலும்பு அவரை முடமாக்கவில்லை. எங்கள் அன்பு முடமாக்கியது. அவ்விளைஞர் பெயரையும் யான் கேட்டுக்கொண்டிலேன்.

படுக்கை ஏன் இவ்வளவு கொடியதாகின்றது? தசை என்பது பயன்படுத்தும் அளவே நிலைபெறுவது. உழாத நிலம் சில நாளில் கரம்பாவது போல, உழைக்காத தசை சில நாளிலேயே மெலிகின்றது. இளைஞர் இழந்ததை விரைவில் மீட்பர். முதியோர்க்கு மீட்பது அரிது. 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதனை அளந்து காட்டியது. நோயில்லாத முதியோர் சிலர் பத்து நாள் படுக்கையிலேயே இருந்தனர். அப்பத்து நாளில் அவர்தம் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவு தசை குறைந்தது. நலமுடையோர்க்கே பத்து நாளில் இக்கேடு எனின், மூன்று திங்கள் படுக்கவைக்கப்பட்ட என் தாயார் நிலையை நீங்களே உய்த்துணரலாம். தசை மட்டுமன்று, எலும்பு உறுதி குன்றும், மூட்டு இறுகும், அழுந்திய தோல் புண்ணாகும், நெஞ்சில் சளி தேங்கும், காலின் குருதிக் குழாயில் குருதி உறையும்.

இவ்வுண்மையை மருத்துவ உலகிற்கு அழுத்தமாக எடுத்துரைத்தவர் மார்ஜரி வாரன் என்னும் ஆங்கிலப் பெண்மணியார். அவர் 1897-இல் பிறந்தவர். அறுவை மருத்துவத்தில் தேர்ந்தவர். இலண்டனின் மேற்கே உள்ள மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றினார். 1935-இல் அம்மருத்துவமனை, தன்னை அடுத்திருந்த ஏழையர் விடுதியின் நோயகத்தையும் ஏற்றுக்கொண்டது. அங்கே 714 நோயாளர் இருந்தனர். பெரும்பாலோர் முதியோர். ‘தீராத நோயினர்’ என்னும் ஒரே பெயரின்கீழ் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தனர். இன்ன நோய் என்று ஆய்ந்தவரும் இல்லை. எழுந்து நடப்பிக்க முயன்றவரும் இல்லை. படுத்திருந்தமையாலேயே நடக்க இயலாதவராயினர். நடக்க இயலாமையாலேயே படுத்திருந்தனர்!

வாரன் அம்மையார் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆய்ந்தார். ஒருவர்க்குப் பக்கவாதம், ஒருவர்க்கு மூட்டுநோய், மற்றொருவர்க்கு உள்ளச்சோர்வு என்று பகுத்தறிந்தார். இருண்ட கூடங்களுக்கு ஒளியும் வண்ணமும் ஊட்டினார். இயன்முறை மருத்துவரும் செயல்முறை மருத்துவரும் செவிலியரும் தம்முடன் கூடிப் பணிபுரியச் செய்தார். நோயாளர் எழுந்தனர்; உட்கார்ந்தனர்; நடந்தனர்; பலர் தம் இல்லம் திரும்பினர். படுக்கைகளின் தேவை பாதிக்கும் மேல் குறைந்தது. 1940-களில் அவர் எழுதிய கட்டுரைகளே முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர்தற்கு வித்திட்டன. அவர் புதிய மருந்து எதனையும் கண்டறிந்திலர் என்பதை நீங்கள் கருத வேண்டும்.

தொண்ணூறு வயதினர் தசையை மீண்டும் வளர்த்தல் கூடுமா? கூடாது என்றே நெடுங்காலம் கருதினர். 1990-இல் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில் நடந்த சோதனையின் முடிவு வெளிவந்தது. 86 முதல் 96 வயது வரையுள்ள பதின்மர் அதில் பங்குகொண்டனர். எட்டு வாரம், காலில் எடையேற்றித் தூக்கும் பயிற்சியை மருத்துவர் கண்காணிப்பில் செய்தனர். ஒன்பதின்மர் முற்றும் முடித்தனர். அவர்தம் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. முன்னர் ஒரு பங்கு இருந்தது இரண்டே முக்கால் பங்காயிற்று என்பது பொருள். இருவர் கைத்தடியை விடுத்து நடந்தனர். ஆனால், பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் பெற்ற வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிட்டது. கிணறு இறைக்க ஊறும். இறைப்பதை விட்டால் தூர்ந்துபோகும்.

எடையேற்றுதல் எல்லார்க்கும் இயலுமோ என ஐயுற வேண்டா. நாற்காலியினின்று கையூன்றாமல் மெல்ல எழுந்து, மெல்ல அமர்தலே தொடைத்தசைக்குச் சிறந்த பயிற்சி. நம் உடலே ஈண்டு எடைக்கல். எத்துணை முறை செய்யலாம், எவர் செய்யலாகாது என்பதை இயன்முறை மருத்துவர் ஆய்ந்து உரைப்பார். அவர் தம் ஆய்வில் மேற்கொள்ளும் எளிய சோதனை ஒன்று உண்டு. முதியவர் நாற்காலியினின்று எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர வேண்டும். இதற்குப் பன்னிரண்டு வினாடியோ அதற்கு மேலோ செல்லுமாயின், அவர் விழக்கூடியவர் என்று கருதிக் காப்பு முறைகளைத் தொடங்குவர். இதனை உங்கள் இல்லத்தில் விளையாட்டாகச் செய்து பார்த்தல் வேண்டா. விரைந்து நடக்க முயன்று பாட்டியார் விழுந்தால் பழி என்மேல் வரும்.

விழுதலைச் சிறிதாக எண்ணுகிறோம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்தமையால் உயிரிழக்கின்றனர். அவருள் மிகப் பலர் அறுபது வயது கடந்தோர். நாம் நேரே நிற்பதற்கு மூன்று ஒற்றர் இடைவிடாது மூளைக்குச் செய்தி அனுப்புகின்றனர். கண் ஒன்று, உட்செவியில் உள்ள சமனுறுப்பு ஒன்று, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் ஒன்று. முதுமையில் கண் மங்கும், உட்செவி தளரும், நீரிழிவு உடையார்க்குப் பாதத்தின் உணர்ச்சி மழுங்கும். ஒற்றர் மூவரும் ஒருங்கே சோர்ந்தால் அரசு நிலைகுலையாது என் செய்யும்? ஆயினும், சமன்பயிற்சியால் எஞ்சிய ஒற்றரை விழிப்புடையவராக்கலாம். ஒரு முறை விழுந்தவர் அச்சத்தால் நடப்பதையே குறைத்துக்கொள்வர். நடை குறையக் குறையத் தசை மெலியும். மெலிந்தவர் மீண்டும் விழுவர். பயிற்சியால் முதலில் நீங்க வேண்டுவது இவ்வச்சமே என்று பட்டறிவு உடையோர் கூறுவர்.

இனி ஊன்றுகோலைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற விரும்புகிறேன். விழுத்தண்டினார்க்கு யான் பட்ட கடன் அது. வலக்கால் நோயுற்றவர் தடியை எக்கையில் பிடிக்க வேண்டும்? வலக்கையில் என்றே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விடையளிப்பர். அது தவறு. இடக்கையில் பிடிக்க வேண்டும். இடக்காலைத் தூக்கி வைக்கும் நொடியில் உடலின் எடை முழுவதையும் வலக்கால் தாங்குகின்றது. அப்போது இடுப்பு இடப்புறம் சாயாதிருக்க, வலப்புறத்து இடுப்புத்தசை இறுக்கிப் பிடிக்கின்றது. வெள்ளிக்கோலை நீங்கள் கண்டிருக்கலாம். ஒருபுறக் கை குறுகியும் மறுபுறக் கை நீண்டும் இருக்கும் நிறைகோல் அது. இடுப்பின் அமைப்பும் அத்தகையதே. உடலின் எடை நீண்ட கையில் தொங்குகின்றது. தசையோ குறுகிய கையில் நின்று இழுக்கின்றது. ஆதலின் தசை மிகுதியாக இழுக்க வேண்டியிருக்கின்றது. எடையும் இழுப்பும் சேர்ந்து மூட்டினை அழுத்த, ஒற்றைக்காலில் நிற்குங்கால் அம்மூட்டு உடலெடையைப் போல் இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு சுமையைத் தாங்குகின்றது. எதிர்க்கையில் உள்ள தடி, அந்நீண்ட கையின் கோடியில் நின்று சாய்வைத் தடுக்கின்றது. அங்கே சிறிதளவு ஊன்றினும் தசையின் பளு பெரிதும் குறையும். நோயுற்ற பக்கத்திலேயே தடி பிடிப்பவர் இவ்வுதவியை இழக்கின்றனர்.

தடியின் உயரமும் கருதத்தக்கது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் கோடு வரை கைப்பிடி எட்ட வேண்டும். அப்போது பிடித்த முழங்கை சிறிதே மடிந்திருக்கும். பாட்டனார் விட்டுச்சென்ற தடியைப் பெயரன் அப்படியே பயன்படுத்துதல் பாட்டனார் செருப்பை அணிதல் போன்றது. அடியில் உள்ள இரப்பர்க் குமிழ் தேய்ந்தால் உடனே மாற்றுக. படியேறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது நோயுற்ற காலும் தடியும் முன்னே. இதனை யான் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

செயல்முறை மருத்துவர் உடலை மட்டும் நோக்காது வீட்டையும் நோக்குவார். ஓரம் மடிந்த மிதியடி, நடைவழியில் கிடக்கும் மின்கம்பி, ஈரம் உலராத குளியலறை, உயர்ந்த நிலைப்படி, இரவில் விளக்கில்லாத வழி ஆகிய இவையெல்லாம் அவர் கண்ணுக்கு நோய்களே. சுவரில் ஒரு கைப்பிடி, கழிப்பறையில் உயர்ந்த இருக்கை, படியின் விளிம்பில் வெள்ளைக் கோடு இவ்வளவே அவர் எழுதித் தரும் மருந்து.

மூன்றாண்டுகட்கு முன் என் தமையனார்க்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் நின்றது. மூளையின் இடப்பகுதி தாக்குண்டால் பெரும்பாலோர்க்கு வலப்பக்கம் தளர்வதோடு மொழியும் குலையும். மருத்துவமனையில் அவர் முதலில் சந்தித்த இடர் தண்ணீர். சோறு விழுங்குதற்கு அரிது, நீர் எளிது என்று நாம் எண்ணுகிறோம். தொண்டைத் தசை தளர்ந்தவர்க்கு நேர்மாறு. நீர் விரைந்து வழிந்து, மூச்சுக்குழல் மூடுமுன் அதனுள் புகுந்துவிடுகின்றது. அதனால் நுரையீரல் அழற்சி வரும். பேச்சுப் பயிற்சியாளர் வந்து ஆய்ந்து, நீர்ப்பொருள்களைச் சிறிது கெட்டியாக்கி, நிமிர்ந்து உட்காரவைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டச் சொன்னார். படுத்த நிலையில் வாயில் நீர் ஊற்றும் நம் வழக்கம் எத்துணைக் கேடு பயப்பது என்பதை அன்று அறிந்தேன்.

தமையனார் ‘தண்ணீர்’ என்னும் சொல்லையும் உரைக்க இயலாது தவித்தார். ஒரு நாள் அப்பயிற்சியாளர், “ஐயா பாடுவாரா?” என்று வினவினார். நாள்தோறும் தேவாரம் ஓதியவர் என்றோம். மெல்ல ஓர் இசையைத் தொடங்கச் சொன்னார். பேச இயலாத என் தமையனார் பதிகத்தின் இரண்டு அடிகளைத் தடையின்றிப் பாடினார்! எங்கள் அண்ணியார் அழுதார். இஃது அற்புதம் அன்று. இசையோடு மனத்தில் பதிந்தவற்றைப் பாடுதல் மூளையின் வலப்பகுதியையும் துணைக்கொள்ளும் செயல். ஆதலின் பேச்சிழந்த பலர் பாட வல்லவராக உள்ளனர். அவ்விசையையே பாலமாக்கிச் சிறு சிறு தொடர்களை அவர்க்குப் பழக்கினர்.

வலக்கை பயன்படாமையால் அவர் அடைந்த நாணம் பேச்சிழந்த துயரினும் பெரிது. இடக்கையால் உண்ண அவர் உடன்படவில்லை. பிறர் ஊட்டவும் பொறுக்கவில்லை. இரண்டு நாள் உண்ணாதிருந்தார். செயல்முறை மருத்துவராகிய ஓர் இளம்பெண், கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றிப் பருமனாக்கி அவர் வலக்கையில் வைத்தார். நன்கு மூடாத விரல்களும் பருத்த பிடியைப் பற்றும். முதல் நாள் பாதி உணவு மடியில் சிந்தியது. துடைக்க முந்திய என்னை அப்பெண் கண்ணாலேயே தடுத்தார். பின்னர்ப் பட்டாணி உரித்தல், மாவு பிசைதல், சட்டையின் பொத்தானை மாட்டுதல் எனப் பயிற்சிகள் தொடர்ந்தன. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து அவரைத் தூக்கலாகாது, தோள்மூட்டு நழுவும் என்று எங்களுக்கும் கற்பித்தார்.

இத்துறையில் தமிழகத்திற்குத் தனிச்சிறப்பு உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீசு 1954-இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்டார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தோன்றியது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் மருத்துவர் வி. எஸ். நடராசன் முயற்சியால் முதியோர்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பெற்றது. 2021 ஆகஸ்ட்டு 5-இல் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீடு தேடிச் செல்லும் பணிகளுள் ஒன்றாக அமைந்தது. அத்திட்டத்தின்கீழ் எங்கள் வீட்டிற்கு வந்த இயன்முறை மருத்துவரே தமையனார்க்கு நடை பழக்கினார்.

இப்போது தமையனார்க்கு வயது எழுபத்து மூன்று. எங்கள் வீட்டிலிருந்து நூலகம் முந்நூறு அடி தொலைவில் உள்ளது. நாற்கால் தடியை இடக்கையில் ஊன்றி, இடையில் புளியமரத்தடித் திண்ணையில் ஒரு முறை அமர்ந்து, கால்மணி நேரத்தில் அங்கே சென்று சேர்கிறார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவர் பெயர்த்தி உடன் செல்கிறாள்; அவர் கையைப் பிடிப்பதில்லை; ஓரடி பின்னே நடக்கிறாள். சென்ற வாரம் அவர் சட்டை மாட்டிக்கொள்வதை யான் வாயிலில் நின்று பார்த்தேன். ஐந்தாவது பொத்தான் துளையில் நுழையவில்லை. யான் கை நீட்டினேன். “சின்னத் தாத்தா, விடுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது” என்றாள் அச்சிறுமி. நூலகம் திறக்கக் கால்மணி நேரம் இருந்தது. யானும் திண்ணையில் அமர்ந்தேன்.